ஐப்பசிக்கு முன் எட்டு வாளித் தண்ணீர்!

"வேண்டாங்க! காலை வைக்காதீங்க! அப்படியே மேலே வாங்க!"

2023-ஆம் வருஷம், டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி. 'மிக்ஜாம்' புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் சுற்றிக் கொண்டிருந்த நேரம். திருமுடிவாக்கத்தில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தெருவை விடத் தாழ்வான கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிக் கொண்டிருந்தது. அதை இறைப்பதற்கென்றே குழியில் வைத்த மோட்டாரோ, 'ஊம்...' என்று முனகியதே தவிர ஒரு சொட்டைக்கூட வெளியே தள்ளவில்லை. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு, "இறங்கி ஒரு ஆட்டு ஆட்டிட்டு வரேன்" என்று கிளம்பினார். அப்போது படியிலிருந்து அக்கா போட்ட கூச்சல்தான் மேலே நீங்கள் படித்தது.

அத்தான் நின்றார். அக்கா விறுவிறுவென்று மாடிக்குப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். இன்வெர்ட்டரையும் அணைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் எல்லாரும் மாடியில் உட்கார்ந்து விடிய விடிய மழைச் சத்தத்தைக் கேட்டோம். பழைய பீரோ, தையல் மெஷின், ஒரு மூட்டை அரிசி எல்லாம் தண்ணீரோடு போயிற்று. "போனா போகட்டும். நீங்க இருக்கீங்களே, அது போதும்" என்றாள் அக்கா.

மழை விட்டு, வாடகை டீசல் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்த பிறகு வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். மோட்டாரைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த ஒன்றை இடுக்கியால் இழுத்தார். என்ன தெரியுமா? பாப்பாவின் சிவப்புத் தலை ரிப்பன்!

"மெஷின் மேல தப்பு இல்லம்மா. மழைக்கு முன்னாடி குழியில எட்டு வாளித் தண்ணி ஊத்திப் பாத்திருந்தா, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் பெரியவர்.

வாசகச் சகோதரிகளே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பெரியவரின் எட்டு வாளித் தண்ணீரைப் பற்றித்தான். "மோட்டார் சமாச்சாரம் எல்லாம் ஆம்பளைங்க பார்த்துப்பாங்க" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பகலில் மழை கொட்டும்போது வீட்டில் இருப்பது யார்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு, எந்த ஸ்விட்சைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவு எடுக்க வேண்டியவர் யார்? பெரும்பாலும் நாம்தானே!

எந்த 'சம்ப்'?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம் ஊரில் 'சம்ப்' என்றாலே வாசலில் பூமிக்குள் கட்டிய குடிதண்ணீர்த் தொட்டிதான் ஞாபகத்துக்கு வரும். நாம் இங்கே பேசப் போவது அதற்கு நேர் எதிர். வேண்டாத தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து வெளியே தள்ளுவதற்காகக் கீழ்த்தளத்தின் தாழ்வான மூலையில் தோண்டும் குழி இது. வடிகுழி என்று வைத்துக் கொள்ளலாமே! அதில் உட்காரும் மோட்டார்தான் வடிகுழி பம்ப்.

குளிர் தேசங்களில் இது சர்வ சாதாரணம். அமெரிக்கா, கனடாவில் பனிக்காலத்தில் தரை உறைந்து விடும். உறைகிற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போட வேண்டியிருப்பதால், 'இவ்வளவு தோண்டியாயிற்று, ஓர் அறையும் கட்டுவோம்' என்று பாதாள அறை கட்டி விடுவார்கள். அதனால் அங்கே பல வீடுகளில் இந்தக் குழியும் பம்பும் உண்டு. நமக்கு அந்த உறைபனி இல்லை. பாதாள அறை கட்டும் வழக்கமும் இல்லை. பிறகு எப்படி இந்தத் தொல்லை நம் வீட்டுக்கு வந்தது?

இரண்டு வழியில் வந்தது. ஒன்று, இடப் பற்றாக்குறை. புதிய அடுக்குமாடிகளில் கார் நிறுத்தக் கீழே தோண்டுகிறார்கள். லிஃப்டுக்கு அடியில் ஒரு பள்ளம் வேறு. இரண்டாவது, ரோடு. பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து விட்டது. அக்கா வீடு கட்டியபோது கீழ்த்தளத்துக்கு வாசலிலிருந்து இரண்டே படிதான். இப்போது தெருவிலிருந்து பார்த்தால் நாலு படி இறங்க வேண்டும். வீடு இறங்கவில்லை, தெருதான் ஏறி விட்டது!

ஒரு நாள் மழையின் கணக்கு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். திருமுடிவாக்கமும் அதில் சேர்ந்த ஊர்தான். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி உபரி நீரைத் திறக்கும்போதெல்லாம் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அந்தத் தண்ணீர் இப்படி வந்துதான் அடையாற்றில் சேருகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை போயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள்.

49 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? 1,200 சதுர அடி மொட்டை மாடியில் அன்று விழுந்த தண்ணீரை மட்டும் பிடித்து வைத்திருந்தால் ஏறத்தாழ 55,000 லிட்டர்! 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஆறு லாரி. நம் வீட்டு மாடித் தண்ணீர்க் குழாய் கீழ்த்தளத்துச் சுவர் ஓரமாக இறங்கினால், அந்த ஆறு லாரியும் சுவருக்குப் பக்கத்து மண்ணில்தான் இறங்கும்.

ஆகவே மோட்டார் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் இது: மாடிக் குழாயைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டு போய் மழைநீர் சேகரிப்புத் தொட்டியிலோ வடிகாலிலோ விடுங்கள். இறங்கும் படிக்கட்டிலும் கார் சரிவிலும் மேல் விளிம்பில் அரை அடி மேடு கட்டச் சொல்லுங்கள். உள்ளே வராத தண்ணீரை இறைக்க வேண்டியதில்லை அல்லவா?

குழி எப்படி இருக்க வேண்டும்?

கீழ்த்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். அது எந்த மூலைக்கு ஓடுகிறதோ, அதுதான் குழிக்கு இடம். இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டரை முதல் மூன்று அடி ஆழம் போதும். செங்கல் வைத்துக் கட்டலாம். சிமெண்ட் உறையும் இறக்கலாம். மோட்டார் வெறும் மண்ணில் உட்காரக் கூடாது. அடியில் ஒரு கடப்பைக் கல்லோ கான்கிரீட் பலகையோ போட்டு அதன் மேல் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சேற்றை உறிஞ்சி சீக்கிரம் தேய்ந்து போகும்.

சுவர் ஓரமாகக் கசிவு இருந்தால், சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து, ஓட்டை போட்ட பி.வி.சி. பைப்பைப் புதைத்து, மேலே ஜல்லி நிரப்பிக் குழிக்குச் சரித்து விடுவார்கள். இதற்கு 'ஃபிரெஞ்ச் டிரெயின்' என்று பெயர். பிரான்ஸ் தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1859-ல் விவசாய வடிகால் பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயர் அது.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் குழிக்குப் பூட்டுப் போடும்படியான இரும்பு வலை மூடி கட்டாயம். தவழும் குழந்தைக்கு அரை அடித் தண்ணீரும் ஆபத்துதான். இரும்பு மூடிக்கு மேல் கொசுவலையும் கட்டுங்கள். டெங்கு கொசு தேங்கின தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறந்து விடும். எனவே வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை குழியின் அடியில் நிற்கும் தண்ணீரை மக்கால் மொண்டு காய விட வேண்டும்.

எந்த மோட்டார் வாங்குவது?

கடையில் போய் "சம்ப் மோட்டார் குடுங்க" என்று கேட்டால், குடிதண்ணீர்த் தொட்டி மோட்டாரை எடுத்து வைத்து விடுவார்கள். அது சுத்தமான தண்ணீருக்கானது; சேறும் மணலும் வந்தால் தாங்காது. "மழைத் தண்ணி, சேத்துத் தண்ணி இறைக்கிற டிவாட்டரிங் சப்மெர்சிபிள், ஃப்ளோட் ஸ்விட்ச் வச்சது" என்று விளக்கமாகக் கேளுங்கள். நம் கோயம்புத்தூர் பம்புக்குப் பேர் போன ஊர். அங்கே செய்கிற மோட்டார்களுக்கு உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும்.

எவ்வளவு சக்தி வேண்டும்? இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மழை பெய்யும்போது குழியின் உள்சுவரில் ஓர் அடி இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோட்டுக்குத் தண்ணீர் ஏற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டுக்கு இரண்டு அடிக் குழியில் ஓர் அடி உயரம் என்பது சுமார் 113 லிட்டர். அது ஐந்து நிமிஷத்தில் ஏறினால், நிமிஷத்துக்கு 23 லிட்டர் வரத்து. மோட்டார் அதைப் போல் இரண்டு மடங்காவது, அதாவது நிமிஷத்துக்கு 45, 50 லிட்டராவது தள்ள வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம். மோட்டார் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி விடாதீர்கள். தண்ணீரை உயரே தூக்கத் தூக்க அளவு குறைந்து கொண்டே போகும். குழியின் அடியிலிருந்து பைப் வெளியே போகும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து சொல்லி, "இந்த ஹெட்டுல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்!

பைப்பில் ஒருவழி வால்வு ஒன்று இருக்க வேண்டும். பிளம்பர்கள் 'என்.ஆர்.வி.' என்பார்கள். மேலே போன தண்ணீர் மறுபடி குழிக்குத் திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் பைப்பில் உள்ள தண்ணீர் மொத்தமும் குழியில் விழும், மோட்டார் மறுபடி ஓடும், மறுபடி விழும். ராத்திரி பூரா இதே கதைதான். தெருவில் நிற்கிற தண்ணீர்கூட அதே பைப் வழியாக உள்ளே வந்து விடலாம்.

வெளியேறும் முனை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தெருவில் வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே, சுவரிலிருந்து எட்டிப் பத்து அடி தள்ளி இருக்கட்டும். சுவர் ஓரத்திலேயே விட்டால் அதே தண்ணீர் மண்ணில் இறங்கிச் சுற்றிக் கொண்டு உங்கள் குழிக்கே திரும்பி வரும். செப்டிக் டாங்கில் விடவே கூடாது. அது நிரம்பி, கழிவுத் தண்ணீர் கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

கரண்ட் விஷயம் ஜாக்கிரதை!

2025 மே 19-ஆம் தேதி பெங்களூரில் பெருமழை. பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புகுந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்றார், அங்கே குடியிருந்த 63 வயதுப் பெரியவர். கரண்ட் பாய்ந்து இறந்து போனார். பக்கத்தில் நின்ற 12 வயதுப் பையனும் போய் விட்டான். இதைப் பேப்பரில் படித்த அன்று அக்கா எனக்கு போன் செய்தாள். "அன்னிக்கு இவரை விட்டிருந்தேன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

ஆகையால் மோட்டார் வாங்கும் செலவில் கஞ்சத்தனம் செய்தாலும், கீழே சொல்பவற்றில் செய்யாதீர்கள்.

* மோட்டாரின் பிளக் பாயிண்ட் கீழ்த்தளத் தரையிலிருந்து ஐந்து அடி உயரத்திலாவது இருக்க வேண்டும். மேல்தளத்தில் படிக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரில் கால் வைக்காமலே அணைக்க முடிய வேண்டும்.

* அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். கரண்ட் கொஞ்சம் வழி தவறிக் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்து விடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று விழுந்தால் சரி. விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

* எர்த் ஒயர் கட்டாயம். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்து இரண்டு முள் பாயிண்டில் செருகும் வேலையே வேண்டாம்.

* டேப் சுற்றிய ஜாயிண்ட், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, இரண்டும் வடிகுழி பக்கமே வரக் கூடாது.

* மோட்டாரை ஒயரைப் பிடித்துத் தூக்காதீர்கள். கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள்.

* தண்ணீர் ஏறிய பிறகு ஸ்விட்சுக்குப் போக அந்தத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும் என்றால், நடக்காதீர்கள். மாடியிலேயே இருந்து கொண்டு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லி லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தெருவில் கரண்ட் போய் விட்டாலும், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஒயரில் கரண்ட் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மோட்டார் மக்கர் செய்தால்...

நோய்க்கு அறிகுறி இருப்பது போல மோட்டாருக்கும் உண்டு. குழந்தையின் அழுகையை வைத்தே பசியா, வயிற்று வலியா என்று கண்டுபிடிக்கிற நமக்கு இது ஒரு பிரமாதமா?

சத்தமே இல்லை என்றால், முதலில் பிளக், ஃபியூஸ், ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்ததை ஒரு தடவை தூக்கி விட்டும் மறுபடி விழுந்தால், எங்கோ கரண்ட் கசிகிறது. மறுபடி மறுபடி தூக்காதீர்கள், மெக்கானிக் வரட்டும்.

'ஊம்' என்று முனகுகிறது, தண்ணீர் வரவில்லை. உடனே அணைத்து விடுங்கள். விட்டால் காயில் எரிந்து போகும். உள்ளே சுழலும் இம்பெல்லரில் ஏதாவது சிக்கியிருக்கும். இல்லையென்றால் கண்டென்சர் போயிருக்கும். அக்கா வீட்டு ரிப்பன் கேஸ் இதுதான். கண்டென்சர் சின்னச் செலவு. காயில் கட்டுவது பெரிய செலவு.

ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை. உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கலாம். ஒருவழி வால்வு மூடியபடி ஒட்டிக் கொண்டிருக்கலாம். பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். புதிதாகப் பொருத்தும்போதே மோட்டாருக்கும் வால்வுக்கும் நடுவே பைப்பில் ஆணித் துளை அளவுக்கு ஓர் ஓட்டை போடச் சொன்னால் காற்று அடைக்காது. அதில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும். அது குழிக்குள்தான் விழும், பயப்பட வேண்டாம்.

நிற்காமல் ஓடுகிறது. ஃப்ளோட் எங்கோ மாட்டிக் கொண்டிருக்கிறது. ஃப்ளோட் என்பது தண்ணீரோடு மிதந்து ஏறி மோட்டாரைப் போடும், இறங்கினால் அணைக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்து. குழிச் சுவரிலோ ஒயரிலோ சிக்கினால் அணைக்காது. இந்த மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி, சீல் கெட்டு, காயில் கருகி விடும்.

நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி ஓடி நிற்கிறது. ஒருவழி வால்வு பழுது. இல்லையென்றால் ஃப்ளோட்டின் கயிறு ரொம்பக் குட்டையாக இருக்கிறது.

எந்தப் பழுதானாலும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக் கொண்டுதான் குழிக்குள் கை விட வேண்டும். மோட்டாரைப் பிரிப்பது, காயில் கட்டுவது, சீல் மாற்றுவது எல்லாம் மெக்கானிக் வேலை. சல்லடையைக் கழுவுவதும், ஃப்ளோட்டை விடுவிப்பதும் நாமே செய்யலாம்.

எட்டு வாளிச் சோதனை

இப்போது பெரியவர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி விட்டு, மூடியைத் திறந்து, குழியிலிருக்கும் இலை, பாலிதீன் பை, மண் எல்லாவற்றையும் அள்ளுங்கள். கயிற்றால் மோட்டாரைத் தூக்கி அடிச் சல்லடையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். திரும்ப நேராக உட்கார வைத்து, ஃப்ளோட் சுவரில் இடிக்காமல் ஆடுகிறதா என்று பாருங்கள்.

பிறகு ஈரமில்லாத இடத்தில் செருப்புப் போட்டு நின்று, உலர்ந்த கையால் பிளக்கைச் செருகி, ஒருவர் ஸ்விட்ச் பக்கத்தில் நிற்க, இன்னொருவர் 15 லிட்டர் வாளியால் மேலேயிருந்து தண்ணீரை ஊற்றட்டும். ஒரு வாளி, இரண்டு வாளி... இரண்டு அடிக் குழியில் எட்டு வாளி விழுவதற்குள் ஓர் அடி ஏறி விடும். ஃப்ளோட் தானாக எழும்பி மோட்டார் ஓட வேண்டும். வெளியே ஒரு குழந்தையை நிறுத்தி, "தண்ணி வருதா?" என்று கேளுங்கள். "வருது, வருது!" என்று அது கத்துவதே தனி சந்தோஷம். தண்ணீர் இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். நின்ற பிறகு குழிக்குள் தண்ணீர் திரும்பக் கொட்டும் சத்தம் கேட்கக் கூடாது. போட்டது, தள்ளியது, நின்றது, திரும்பவில்லை. இந்த நான்கும் சரி என்றால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஐப்பசி அடைமழை முடிந்ததும், கார்த்திகையில் இன்னொரு தடவை செய்து விடுங்கள்.

மோட்டாரை நம்பக் கூடாத நேரம்

பெருமழை நேரத்தில்தான் பாதுகாப்புக்காக மின்வாரியமே கரண்டை நிறுத்தும். மோட்டார் மிகவும் வேண்டிய நேரத்தில் அது ஓடாது என்று வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் அரைக் குதிரைச் சக்தி மோட்டாரைக் கிளப்பாது. கிளம்பும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டர் வைத்தால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். கீழ்த்தளத்திலோ, வராண்டாவிலோ, ஜன்னல் ஓரத்திலோ ஓட்டினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வாசனையே தெரியாமல் உயிரைக் குடித்து விடும். டீசல் பம்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

இன்னொன்று. வடிகுழி பம்ப் கசிவுக்கும் மழைத் தண்ணீருக்கும் ஏற்பட்டது. ஆற்று வெள்ளத்துக்கு அல்ல. 2024 ஜூலை 27-ஆம் தேதி டில்லி பழைய ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி நிலையத்தின் பாதாளத் தளத்திலிருந்த நூலகத்துக்குள் தெருவெள்ளம் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அப்படி வரும் தண்ணீருக்கு முன் நம் குழி மோட்டார் எம்மாத்திரம்? ஏரி திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் மோட்டாரை மறந்து விடுங்கள். குழந்தைகள், பெரியவர்கள், ரேஷன் கார்டு, மருந்து, குடிதண்ணீர், இவற்றோடு மாடிக்குப் போங்கள். கீழ்த்தளத்தில் யாரையும் தூங்க விடாதீர்கள். உதவிக்கு மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநில எண் 1070.

தண்ணீர் புகுந்த பிறகு

கீழ்த்தளம் முழுக்க நிறைந்து விட்டால், மழை விட்டதும் அவசரப்பட்டு ஒரே நாளில் இறைத்து விடக் கூடாது. வெளியே ஊறிய மண் சுவரை உள்நோக்கித் தள்ளிக் கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எதிர்த் தாங்கல். அதைத் திடீரென்று எடுத்தால் சுவர் வெடிக்கலாம், தரை எழும்பலாம். தெருத் தண்ணீர் வடிந்த பிறகு முதல் நாள் ஓர் அடி இறையுங்கள். சுவரில் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் இன்னும் பொறுங்கள். ஏறாவிட்டால் மேற்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

நனைந்த மோட்டார், ஃபிரிட்ஜ், ஸ்விட்ச் போர்டு எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது.

குடிதண்ணீர்ச் சம்ப்பிலும் வெள்ளம் கலந்திருந்தால் அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி விடாதீர்கள். முழுவதும் வெளியேற்றி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைத் தனியாக ஒரு வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். மூடியே கிடந்த தொட்டிக்குள் திடுதிப்பென்று யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள்; உள்ளே விஷ வாயு தங்கியிருக்கும். அதற்குரிய ஆட்களை வைத்து, வெளியே இருந்தபடியே பம்பாலும் நீளத் துடைப்பத்தாலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சேற்றைக் கழுவும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீர், காலில் உள்ள சின்னப் புண் வழியாகக்கூட எலிக் காய்ச்சலைக் கொண்டு வரும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால், வெள்ளத்தில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

போன புரட்டாசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளக் பாயிண்ட் இப்போது மாடிப்படியின் மேலே இருக்கிறது. குழிக்குப் பூட்டுப் போட்ட இரும்பு மூடி. அத்தான் வாளி வாளியாக ஊற்ற, அக்கா ஸ்விட்ச் பக்கத்தில் நிற்க, வாசலில் பைப் முனையில் காவல் யார் தெரியுமா? பாப்பாதான்! ஏழாவது வாளியில் மோட்டார் கிளம்பியது. "வருதும்மா!" என்று அவள் குதித்த குதியில், தலையிலிருந்த ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது.

அக்கா முதலில் ஓடிப் போய் அதைத்தான் எடுத்தாள்.